எல்லையில் நின்றுபோகும் சாதிச் சான்றிதழ்

நியாயமான தொகுதி மறுவரையறை கோரி, 2025 மார்ச் 22 அன்று சென்னையில் கூடிய கூட்டு நடவடிக்கைக் குழுவில் தமிழ்நாடு, கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதலமைச்சர்களும் கர்நாடகத் துணை முதலமைச்சரும் பங்கேற்றனர். மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதற்குத் தண்டனையாக நாடாளுமன்ற இடங்களை இழக்கக் கூடாது என்பது அவர்களின் வாதம். அது நியாயமானதே. ஆனால், சமூகநீதியையும் நலத்திட்டங்களையும் தம் அடையாளமாகச் சொல்லும் தென்மாநிலங்களின் ஒற்றுமை, எல்லை கடந்து வரும் தலித் தொழிலாளியை இன்னும் எட்டவில்லை.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை விரியும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியைப் பாருங்கள். 1953இல் ஆந்திரம் பிரியும்வரை நெல்லூரும் இராயபுரமும் ஒரே மாநிலத்தில்தான் இருந்தன. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே இங்குக் குடியேறிய ஆதி ஆந்திரர் குடும்பத்தின் வாரிசுக்குத் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிச் சான்றிதழ் உண்டு. அதே சாதியில் பிறந்து, அண்மையில் நெல்லூரிலிருந்து வேலை தேடி வந்தவரின் பிள்ளைக்கு இங்கே இடஒதுக்கீடு இல்லை. அரசமைப்பின் 341ஆம் பிரிவு ஒவ்வொரு பட்டியலையும் அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தே வரையறுக்கிறது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990இலும், பீர் சிங் வழக்கில் 2018இலும் உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வுகள் இதையே உறுதிசெய்தன.

‘ஒரே நாடு’ என்னும் முழக்கத்தின் உண்மை இங்கே வெளிப்படுகிறது. சரக்கு சேவை வரி வந்தபின் கன்டெய்னர் லாரி மாநிலச் சோதனைச் சாவடியில் வரிக்காக நிற்பதில்லை. குடும்ப அட்டைக்கு உரிய அரிசியை வேறு மாநிலத்திலும் வாங்கலாம். சாதி இழிவும் தடையின்றி எல்லை கடக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு பிற மாநிலத்திலும் பொருந்தும் என்று 2023இல் மும்பை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது அதனால்தான். இழிவுக்கு ஈடாகக் கிடைத்த உரிமை மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது.

வருவோருக்கும் பங்களித்தால் உள்ளூர் தலித்துகளின் இடங்கள் குறையும் என்ற அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. எனவே, இருக்கும் இடங்களைப் பங்குபோடுவது தீர்வாகாது. நலிந்த பிரிவினரின் கல்வி, பொருளாதார நலனைப் பேணுமாறு 46ஆம் பிரிவு அரசுக்குச் சொல்கிறது. அதன் வழியில் விடுதி, உதவித்தொகை, வீட்டுவசதி ஆகியவற்றுக்குத் தென்மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்து, செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். இடஒதுக்கீட்டுக்குக் கூடுதல் இடங்களோடு சட்டத்திருத்தம் தேவை. அதை நாடாளுமன்றத்தில் எழுப்ப இக்கட்சிகளுக்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

டெல்லியில் தம் இடங்களைக் காக்க ஒன்றுகூடிய மாநிலங்கள், தலித் மாணவரின் இடத்துக்காகவும் ஒரே மேசையில் அமரட்டும். தென்னகக் கூட்டாட்சி அரசியலுக்கு அதுவே உரைகல்.