சிறுதொகை வீண்தொகையா?

ஜவ்வாது மலையில் ஏதேனும் ஒரு கிராமத்துக்கு மாதந்தோறும் சிறுதொகை திரட்டிக் கொடுத்து, அவ்வூராரே தீர்மானிக்கும் ஒரு பொதுக்காரியத்தை நடத்திவைக்கலாம் என்று எவரேனும் யோசனை சொன்னால், அனுபவம் மிக்க நம் நண்பர்கள் உடனே எடுத்து வீசும் பழமொழி ஒன்று உண்டு: யானைப் பசிக்குச் சோளப்பொரியா? மலைவாசிகளின் வறுமையைப் போக்கக் கோடிக்கணக்கான பணமும் சர்க்கார் திட்டமும் வேண்டுமேயன்றி, சந்தாக் காசு சல்லிக்கும் பிரயோஜனப்படாது என்பது அவர்கள் கட்சி. படித்தவர்களிடையே பரவியுள்ள இந்த அபிப்பிராயத்தில் உண்மையின் அம்சம் இல்லாமல் இல்லை. அந்த அம்சத்தையே முழு உண்மையாகக் கொள்வதில்தான் பிழை நேர்கிறது. அவர்களுடைய ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

சிறுதொகையால் பெருங்குறை தீராது என்பது முதல் ஆட்சேபம். வாஸ்தவம். இம்மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கிவரும் 2.34 மீட்டர் தொலைநோக்கியை எந்த மாதச் சந்தாவும் நிறுவியிருக்காது. ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலையையும் போட்டிருக்காது. ஆனால் ஓர் ஊரின் குறைகள் யாவுமே பெருங்குறைகள் என்று யார் சொன்னார்கள்? இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் பயிரிடும் சாமையையே எடுத்துக்கொள்வோம். அதன் உமி எளிதில் நீங்குவதன்று. உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடியும் உரலில் இட்டுக் குத்தி, ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி தேற்றுவதற்குள் பெண்களின் தோள்கள் ஓய்ந்துபோகும். அந்தச் சிரமத்துக்கு அஞ்சி உமியோடே விற்றாலோ, அரிசிக்குரிய லாபம் கீழ்நாட்டு வியாபாரிக்குப் போகும். உமி நீக்கும் இயந்திரத்தைப் பெரிய திட்டமொன்று கொண்டுவந்து இறக்கிவிடலாம். ஆனால் அதன் பெல்ட் அறுந்த அன்றைக்கும், சல்லடை கிழிந்த அன்றைக்கும், மோட்டாரின் காயில் எரிந்த அன்றைக்கும், மலையிறங்கிப் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ எடுத்துச் சென்று பழுதுபார்த்து வரும் செலவுக்குத் திட்டத்தில் பெரும்பாலும் இடமிருப்பதில்லை. சில ஆயிரம் ரூபாய் கைவசம் இல்லாமையால் பல ஆயிரம் பெற்ற இயந்திரம் மூலையில் துருப்பிடிக்கும்போது, உலக்கை திரும்பவும் கைக்கு வந்துவிடுகிறது. பெரும்பணம் நிறுவியதை நடத்திச் செல்வது சிறுபணமே என்பதை முதல் ஆட்சேபக்காரர்கள் கவனிப்பதில்லை.

அப்படிக் கொடுத்தாலும் கணக்கு வழக்கின்றிக் கரைந்துபோகும் என்பது இரண்டாவது ஆட்சேபம். விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் நாடார் வணிகர்கள் தம் சரக்கின் மீது தாமே விதித்துக்கொண்ட மகமை என்னும் சில்லறைக் காசு, உறவின்முறை என்னும் அவர்களுடைய சாதிச் சங்கத்தின் பொதுநிதியாகத் திரண்டு, பேட்டைகளையும் பள்ளிகளையும் வளர்த்த சரித்திரத்தை இவர்கள் அறியாதவர்களல்லர். 1889இல் விருதுநகரில் தோன்றியதும், பின்னாளில் காமராஜர் பயின்றதுமான க்ஷத்திரிய வித்தியாசாலை அந்த ஏற்பாட்டின் பலனே. கொடுத்தவனும் செலவிட்டவனும் ஒரே தெருவில் தினந்தோறும் முகம் பார்க்க வேண்டியிருந்ததைவிடச் சிறந்த தணிக்கை எது? மலைக்கிராமங்களிலும் ஊர்க்கவுண்டர் முன்னிலையில் கூடிப் பேசும் சபை உண்டு. ஆயினும் ஊர்ச்சபை என்றதாலேயே நியாயசபை ஆகிவிடாது. செல்வாக்குள்ளவர் வாசலுக்கே குழாய் போய்ச் சேரும் ஆபத்து அங்கும் உண்டு. அதற்குப் பரிகாரம் மாதத்தவணையிலேயே இருக்கிறது: இம்மாதத் தொகை தவறான வழியில் போயிற்றென்றால் அடுத்த மாதத் தொகையை நிறுத்திவிடலாம். ஒரே தவணையில் கொடுத்துவிட்ட கோடியை அப்படி நிறுத்த முடியுமா?

கொடுத்துப் பழக்கினால் மக்கள் யாசகர்களாகிவிடுவார்கள் என்பது மூன்றாவது. கொடுப்பதனால் அல்ல, கேட்காமல் கொடுப்பதனாலும் அவர்களுடைய பங்கைக் கோராமல் கொடுப்பதனாலும்தான் அந்தக் கேடு வருகிறது. 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தில், செலவில் நூற்றுக்கு அறுபதைச் சர்க்காரும் நாற்பதை ஊராரும் ஏற்பதென்று ஏற்பாடாயிற்று. 1958 முதல், அப்போது பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சும் கடிகாரமும் கட்டடமும் மக்களிடமிருந்தே வந்து குவிந்தன. அதனால் எவரும் யாசகரானதாகத் தெரியவில்லை. ஜவ்வாது மலையடிவாரத்தில் சிங்காரப்பேட்டையை அடுத்த புளியானூரில் இயங்கும் குக்கூ காட்டுப்பள்ளியைச் சார்ந்து எழுந்த ஊர்க்கிணறு புனரமைப்பு இயக்கமும், பலர் தரும் நன்கொடையைக் கொண்டு, குப்பை கொட்டும் குழியாகிப்போன பொதுக்கிணறுகளைத் தூர்வாரி மீட்டு வருகிறது. கிணற்றடியில் இறங்கிச் சேற்றை வாளி வாளியாக மேலே ஏற்றி, இடிந்த சுவரைக் கட்டி, ஊற்றுக்கண் திறந்து முதல் தண்ணீரைக் கண்ட ஊரார், அந்தக் கிணற்றைப் பிறர் இட்ட பிச்சை என்றா கருதுவார்கள்?

நான்காவது ஆட்சேபமே கனமானது: தனியார் கொடுக்கத் தொடங்கினால் சர்க்கார் தன் கடமையினின்றும் நழுவிவிடும் என்பது. சர்க்கார் ஊதியம் தர வேண்டிய ஆசிரியருக்குச் சந்தாப் பணத்தில் சம்பளம் கொடுத்தால் அப்படித்தான் ஆகும், அது கூடாது. ஆனால் கடமையை நிறைவேற்றச் செய்வதற்கே பணம் வேண்டியிருப்பதையும் எண்ண வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து பழங்குடியினர் அனுபவித்துவரும் காட்டு நிலத்துக்கு உரிமை கோர வழிசெய்து, அந்தக் கோரிக்கையை முதலில் விசாரிக்கும் பொறுப்பைக் கிராம சபையிடம் ஒப்படைத்திருக்கிறது. அதற்கு வரைபடம் வேண்டும், சான்றுகள் வேண்டும், நகல்கள் வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறி ஆபீசுக்குப் போய்வர வேண்டும். இந்தச் செலவுக்கு ஒரு மாதத் தொகை உதவுமானால், அது சர்க்காரின் கடமையை நினைவூட்டும் தொகையாகுமேயன்றி, அதை மன்னிக்கும் தொகையாகாது.

இத்தகைய மாதத் தொகைக்கு அயல்நாட்டு முன்மாதிரியும் உண்டு. 2009இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பத்துப் பேர் ஆளுக்கு நூறு டாலர் போட்டு, மாதம் ஒரு நல்ல யோசனைக்கு ஆயிரம் டாலரை நிபந்தனையின்றி அளிக்கத் தொடங்கிய ஏற்பாடு, பிறகு பல தேசத்து நகரங்களுக்கும் பரவியது. நமக்கு அதை அப்படியே பின்பற்ற வேண்டிய அவசியமில்லை. அங்கே கொடுப்பவர் தேர்ந்தெடுக்கிறார், இங்கே ஊர் தேர்ந்தெடுக்க வேண்டும். பெண்களும் அமர்ந்த சபையில் காரியம் முடிவாகட்டும். ஊர் தன் பங்கை உழைப்பாகவேனும் கொடுக்கட்டும். செலவுக் கணக்கு அடுத்த கூட்டத்தில் உரக்க வாசிக்கப்படட்டும். இம்மூன்றும் இல்லாத இடத்தில் சிறுதொகை மட்டுமல்ல, பெருந்தொகையும் வீண்தான்.