லாபம் கடவுளுக்கு, நஷ்டம் மனிதனுக்கா?

விசுவாசம் கடவுள் தரும் ஈவு, அவிசுவாசத்துக்குப் பொறுப்பு மனிதனே. 1618-19ல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய கால்வினிய திருச்சபை மாநாட்டின் முடிவு இது. லாபம் ஒருவர் கணக்கில், நஷ்டம் இன்னொருவர் கணக்கில்! ஈவு கிடைக்காதவன் எப்படிக் குற்றவாளி ஆவான்? ஏறக்குறைய இதைத்தான் கேட்டார் லெய்டன் பேராசிரியர் அர்மீனியஸ். அவர் 1609லேயே இறந்துவிட்டார். அவர் பக்கம் நின்ற சுமார் 200 போதகர்களுக்கு மாநாட்டுக்குப் பின் வேலை போனது.

இத்தனைக்கும் இரு தரப்புக்கும் ஆதாரம் பவுல்தான். ரோமர் 9ல் பார்வோனைக் கடினப்படுத்தும் கடவுள், 10ல் கீழ்ப்படியாத இஸ்ரவேலை நோக்கி நாள் முழுக்கக் கை நீட்டி நிற்கிறார். பவுல் இரண்டையும் சரிக்கட்டவில்லை. விசுவாசிக்காத தன் சொந்த ஜனத்துக்காகத் தீராத வேதனைப்படுகிறார்... அந்த வேதனையை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு எப்படி டேலி ஆகும்?