எதிரிக்கு ஒரு கோனார் நோட்ஸ்

போன மாசம் திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் ஒரு குண்டுப் புத்தகம் கிடைத்தது. ரயில்வே பரீட்சை கைடுக்கும் பழைய சமையல் புத்தகத்துக்கும் நடுவே பரிதாபமாகக் கிடந்தது. கடைக்காரர் முந்நூறு என்றார். நான் நூறு என்றேன். நூற்றெண்பதில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. வீட்டில் மனைவி கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "கட்டில் கால் ஆடுதே, அதுக்கா?" என்று கேட்டாள்.

அதுக்கில்லை. அமெரிக்க யுத்த இலாகா 1945 மார்ச் 15-ஆம் தேதி வெளியிட்ட 'ஜெர்மன் ராணுவப் படைகள் பற்றிய கையேடு' அது. நான் வாங்கியது மறுபதிப்பு. எதிரியின் டிவிஷனில் எத்தனை பேர், என்ன பீரங்கி, பதுங்குகுழி எப்படி வெட்டுவான், சட்டைக் காலரில் என்ன பட்டை, எவ்வளவு சம்பளம் என்று சகலமும் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், எதிரிக்கு எழுதிய கோனார் நோட்ஸ்! ஒரே குறை, ஜெர்மனி மே 8-ஆம் தேதி சரணடைந்துவிட்டது. நோட்ஸ் வந்து 54-ஆவது நாள் பரீட்சையே முடிந்துபோச்சு.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கோட் போட்ட ஒற்றர், மயக்கும் அழகி என்று சினிமா ஓட்டாதீர்கள். பாதி வேலை நம்ம மாதிரி குமாஸ்தா வேலைதான். ஒவ்வொரு ஜெர்மன் சிப்பாயின் பாக்கெட்டிலும் 'ஸோல்ட்புக்' என்று ஒரு சம்பளப் புத்தகம் இருக்கும். எந்தப் பிரிவு, என்ன பதவி, எந்த ஆஸ்பத்திரியில் படுத்தான் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். ஆளைப் பிடித்தால் லெட்ஜரே கையில் கிடைத்த மாதிரி.

இதைவிட ஜோர், டாங்கி விஷயம். அதற்கு முன் என் சொந்தக் கதை கொஞ்சம்.

பி.காம். முடித்த கையோடு ஒரு ஆடிட்டர் ஆபீசில் குப்பை கொட்டினேன். அங்கே ஒரு ஓட்டல்காரரின் கணக்கு வந்தது. ஒரு நாளைக்கு 150 பில்தான் போகுது என்று சாதித்தார். எங்கள் சீனியர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் எங்களில் ஐந்து பேரை ஆளுக்கொரு நேரத்தில் டிபன் சாப்பிட அனுப்பினார். பில் நம்பர் தினமும் 1-லிருந்து ஆரம்பிக்கும். எங்கள் கையில் வந்தவை 31, 88, 140, 197, 240.

"150 பில் போடற கடையில 240-ஆவது பில் எப்படிய்யா வந்தது?" என்றார் சீனியர். அதோடு விடவில்லை. பெரிய நம்பர் 240. அதை ஐந்தால் வகுத்தால் 48. இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழி. "287. முன்னப்பின்ன இருக்கும்" என்றார். ஓட்டல்காரர் முகத்தில் சாம்பார் வழிந்தது.

ஏதோ அவர் சொந்த வித்தை என்று நினைத்திருந்தேன். பிற்பாடுதான் தெரிந்தது, இதே கணக்கால் ஹிட்லரின் டாங்கிகளை எண்ணியிருக்கிறார்கள்!

1943-ல் லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் பொருளாதார யுத்தப் பிரிவு, பிடிபட்ட டாங்கிகளின் கியர்பாக்ஸ், எஞ்சின், சேஸிஸ் நம்பர்களைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தது. ஜெர்மானியர் ஒழுங்கானவர்கள். நம்பரை வரிசை தப்பாமல் அடித்திருந்தார்கள். அதுவே வினை.

1942 ஆகஸ்டில் ஜெர்மனி செய்த டாங்கி 1,550 என்றது உளவுத்துறை. நம்ம கணக்குப்பிள்ளைகள் 327 என்றார்கள். யுத்தம் முடிந்து ஜெர்மனியின் சொந்த ரிக்கார்டைப் புரட்டினால் 342! 1944 பிப்ரவரியில் பாந்தர் டாங்கி எத்தனை என்று, வெறும் இரண்டு டாங்கிகளின் 64 சக்கரங்களில் இருந்த அச்சு நம்பர்களை வைத்தே 270 என்றார்கள். நிஜம் 276.

உளவுத்துறை ஏன் நாலரை மடங்காகக் கூட்டிச் சொன்னது? எனக்குத் தோன்றுவது இதுதான். எதிரியைப் பெரிசாகச் சொன்னவனுக்கு மெமோ வராது. குறைத்துச் சொல்லி மாட்டிக்கொண்டால்தான் வேலை போகும். நம்ம ஆபீசிலும் அதே கதைதானே?

குறைத்து எடை போட்டதும் நடந்தது. ஜப்பான்காரனுக்குக் கண் பார்வை சரியில்லை, விமானம் ஓட்ட வராது என்று வெள்ளைக்காரர்களில் பலர் ஜோக்கடித்துக்கொண்டிருந்தார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. பெரிய படை சின்னப் படையிடம் சரணடைந்தது. அந்த ஜோக்குக்கு விலை கொடுத்தது யார்? கைதியான ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள். அப்புறம், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை போட இழுத்துப் போகப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் செத்த நம் தமிழ்க் கூலிகள். அவர்கள் யாரையும் எடை போடவில்லை.

கையேட்டில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் முதல் அத்தியாயம். 1945-ல் எதிரே நிற்கிற ஜெர்மன் சிப்பாய் 1939-ல் பார்த்தவன் இல்லை என்கிறது. ஒருவன் பல போர்முனை பார்த்துக் களைத்தவன். இன்னொருவன் வயசு போதாதவன், அல்லது வயசு மிஞ்சியவன். கொல்லப் போகிறவர்களுக்காக எழுதிய புத்தகம்தான். ஆனாலும் ஒழுங்காகக் கணக்கெடுத்ததால், ராட்சசன் போய் ஒரு மனுஷன் தெரிந்துவிட்டான்.

எங்கள் சீனியர் தினமும் சொல்வார்: "கூட்டியும் எழுதாதே, குறைச்சும் எழுதாதே." பேலன்ஸ் ஷீட்டுக்குச் சொன்னார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டில் கால் இன்னும் ஆடுகிறது.