கணினி வாங்குமுன் மின்கலத்தைப் பற்றிக் கேளுங்கள்



ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும் வேளையில் பெற்றோர் சிலர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், பிள்ளைக்கு ஒரு சின்ன மடிக்கணினி வாங்கணும். எது நல்லது?" அவர்களுக்கு நான் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுப்பது வழக்கம். நினைவகம் இவ்வளவு இருக்க வேண்டும், சேமிப்பகம் இவ்வளவு, திரை இத்தனை அங்குலம், விலை இதற்குள். அந்தத் தாளில் மின்கலத்தைப் பற்றி, அதாவது பேட்டரியைப் பற்றி, ஒரு சொல்லும் இருந்ததில்லை. என்னுடைய அந்தக் கவனக்குறைவுக்கு என் மாணவி ஒருத்தி விலை கொடுத்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவளுடைய தந்தை செம்பனைத் தோட்டத் தொழிலாளி. ஒரு காலத்தில் பால்மரங்கள் நின்ற தோட்டம் அது. மரங்கள் போய்விட்டன, பழைய லயத்து வீடுகள் சில மட்டும் மிஞ்சியிருக்கின்றன. என் தாளை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனவர், ஒரு கடையில் பயன்படுத்தப்பட்ட மடிக்கணினியை 850 ரிங்கிட்டுக்கு வாங்கினார். மறுநாளே அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, "நீங்க எழுதிக் கொடுத்ததெல்லாம் இருக்குங்களா டீச்சர், பாருங்க" என்றார். பார்த்தேன். எல்லாம் இருந்தது. நானும் மகிழ்ச்சியோடு தலையசைத்து அனுப்பினேன்.

அடுத்த மாதம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். குடும்பத்தில் மூத்தவர் ஒருவரின் இளமைக் காலத்தைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்து வர வேண்டும். அந்தப் பிள்ளை தன் பாட்டியைத் தேர்ந்தெடுத்தாள். பாட்டி பல்லாண்டு பால்வெட்டியவர். ஒரு சனிக்கிழமை பிற்பகல் பாட்டி சொல்லச் சொல்ல, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறாள். விடியற்காலைப் பிரட்டு, தலையில் கட்டிய விளக்கு, மழை வந்து மங்கில் பால் வீணான நாள்கள் என்று எல்லாம் அதில் இருந்தனவாம்.

நம் கிந்தா பள்ளத்தாக்கின் பிற்பகல் இடிமழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடி முழங்கியதும் அம்மா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். செய்ய வேண்டியதும் அதுதான். அந்த நொடியே திரை கறுத்துப் போனது. மீண்டும் இயக்கிப் பார்த்தபோது எழுதிய கோப்பு வெறுமையாக இருந்தது.

"சேமித்து வைக்கவில்லையா, அம்மா?" என்று திங்கட்கிழமை கேட்டேன். "பேட்டரி நூறுன்னு காட்டுச்சு டீச்சர். பிளக்கை எடுத்தாலும் அணையாதுன்னு நினைச்சேன்" என்றாள். பிறகு, "அம்மா மேல தப்பு இல்லைங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள். உண்மைதான். அம்மாவின் மீதும் தப்பில்லை, பிள்ளையின் மீதும் தப்பில்லை. தப்பு, தாள் எழுதிக் கொடுத்தவளிடம் இருந்தது.

நூறு என்று காட்டிய கணினி எப்படி ஒரே நொடியில் அணைந்தது? இதைப் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது. இக்காலத்து மடிக்கணினிகளில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1991இல் சோனி நிறுவனம் இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்குவதில் பங்காற்றிய மூவர் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். அரிய கண்டுபிடிப்புதான், ஆயினும் அதற்கும் முதுமை உண்டு. ஒவ்வொரு முறை மின்னேற்றும்போதும் அதன் கொள்ளளவு சிறிதளவு குறைகிறது. பொதுவாக 300 முதல் 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு, புதிதாக இருந்தபோது கொண்டதில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத்தான் அது கொள்ளும். அதன் பின்னரும் தேய்மானம் தொடரும்.

திரையில் காட்டப்படும் 100 விழுக்காடு என்பது இப்போது எஞ்சியுள்ள கொள்ளளவில் 100 விழுக்காடு. பால்வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மங்கின் அடியில் பால் உறைந்து கட்டியாகிக் கிடந்தால், மேலே விளிம்பு வரை நிறைந்திருந்தாலும் வாளியில் ஊற்றும்போது கொஞ்சம்தானே வரும்? மிகவும் தேய்ந்துபோன மின்கலமோ, 100 என்று காட்டியபடியே, சுமை ஏறிய கணத்தில் மின்னழுத்தம் சரிந்து அணைந்துவிடவும் கூடும்.

எனக்கு இதில் வெட்கம் கூடுதலாக ஏற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. நானும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். 1980களில் எங்கள் தோட்டத்தில் ஜெனரேட்டர் மின்சாரம்தான். மாலை ஆறு மணிக்கு வரும். இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். பேராக் ஆற்றின் குறுக்கே செண்டெரோ அணை கட்டப்பட்டு 1930இலேயே கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் போய்விட்டது. அரை நூற்றாண்டு கழித்தும், அதே மாநிலத்தில், எங்கள் லயத்துக்கு நாளுக்கு நான்கு மணி நேரம்தான். அதனால் வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்க எங்களுக்குத் தெரிந்திருந்தது. எழுத்து வேலையை விளக்கில் முடிப்போம். மனப்பாடத்தை இருட்டுக்கு வைத்துக்கொள்வோம். அப்படி வளர்ந்த நான், ஆசிரியர் பயிற்சி முடித்து, ஆசிரியையாகிப் பல ஆண்டுகள் கழித்து, ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குக் கணினி பரிந்துரைக்கும்போது, "பிளக் இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓடும்?" என்ற கேள்வியை மறந்துபோனேன்!

இன்று எல்லா வீட்டிலும் மின்சாரம் இருக்கிறதே, பிறகு மின்கலத்துக்கு ஏன் இத்தனை கவலை என்று சிலர் கேட்கலாம். மின்சாரம் இருக்கிறது, பிள்ளைக்கென ஓர் இடம் இருக்கிறதா? பழைய லயத்து வீட்டின் கூடத்தில் இருப்பது ஒரே ஒரு பிளக். அதில் மின்விசிறி, தொலைக்காட்சி, அண்ணனின் கைப்பேசி எல்லாம் வரிசையில் நிற்கும். பிள்ளை அந்தச் சுவரோரமாகத் தரையில் உட்கார வேண்டும். நடப்பவர் கால் கம்பியில் தடுக்கும். மின்கலம் நன்றாக இருந்தால், அதே பிள்ளை வாசல் திண்ணைக்குப் போகலாம். பாட்டி வீட்டுக்குப் போகலாம். பள்ளி நூலகத்துக்குக் கொண்டுவரலாம். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு எழுதிக்கொண்டே இருக்கலாம். சிறிய கணினியை நாம் வாங்குவதே எடுத்துச் செல்வதற்காகத்தானே?

பெருந்தொற்றுக் காலத்தில் நாம் எண்ணியது கருவிகளை. பள்ளிகள் மூடப்பட்டிருந்த 2020இல் கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில் ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர் மட்டுமே. அவ்வாண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்ட செர்டிக் திட்டம், 500 பள்ளிகளில் 150,000 மாணவர்களுக்குக் கருவிகள் வழங்க 150 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது. தேவையான முயற்சி அது. நம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர்களும் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கருவி இருக்கிறது, அது மூன்றாம் ஆண்டிலும் எத்தனை மணி நேரம் உழைக்கும்?

நீண்ட நேரம் உழைக்கும் சிறு கணினி புதுமையான கனவன்று. 1983இல் வெளிவந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற கையடக்கக் கணினி, கடையில் கிடைக்கும் சாதாரண நான்கு பேட்டரிகளைக் கொண்டு ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடியது. செய்தியாளர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். 2004இல் அமெரிக்கப் பள்ளிகளுக்காக வந்த ஆல்ஃபாஸ்மார்ட் நியோ என்ற தட்டச்சுக் கருவி, மூன்றே பேட்டரிகளில் 700 மணி நேரம் ஓடும் என்று அதன் நிறுவனம் அறிவித்தது. சில வரிகளை மட்டுமே காட்டும் சிறு திரை, இணையம் இல்லை, எழுதுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. 2007இல் வந்த அசூஸ் ஈ பிசி ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் கிடைத்தது. ஆனால் மூன்று மணி நேரம் போலத்தான் ஓடியது. இன்று விலை கூடிய புதிய கணினிகள் பத்து, பதினைந்து மணி நேரம் கூட உழைக்கின்றன. ஆனால் நம் பெற்றோர் பலர் வாங்குவது அவற்றையன்று. மற்றவர் பயன்படுத்திக் கழித்ததைத்தான் வாங்குகிறார்கள்.

ஆகவே, என் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது எழுதிக் கொடுக்கும் தாளில் மின்கலம் முதலில் வருகிறது.

முதலாவது, வாட்-மணி எவ்வளவு என்று பாருங்கள். மின்கலத்தின் மீதோ விவரத் தாளிலோ அச்சிட்டிருக்கும். கணக்கு மிக எளிது. நான்காம் ஆண்டு மாணவரே போடுவார். 40 வாட்-மணி கொள்ளும் மின்கலம், 8 வாட் செலவழிக்கும் கணினி என்றால், நாற்பதை எட்டால் வகுக்க ஐந்து மணி நேரம். திரையின் வெளிச்சத்தைக் குறைத்தால் செலவு குறையும். இணையத் தொடர்பு வலுவில்லாத இடத்தில் கணினி அலைவரிசையைத் தேடித் தேடியே மின்னை விழுங்கும். தட்டச்சு மட்டும் செய்யும்போது அதை அணைத்து வைக்கலாம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இரண்டாவது, பயன்படுத்தப்பட்ட கணினி என்றால், கடைக்காரரிடம் 'பேட்டரி ரிப்போர்ட்' எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் கணினிகளில் இதைச் சில நொடிகளில் எடுக்கலாம். புதிதில் இருந்த கொள்ளளவு ஒரு வரியிலும், இப்போதைய முழுக் கொள்ளளவு இன்னொரு வரியிலும் இருக்கும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்கும் கீழே இருந்தால், மின்கலம் மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். அதற்கு முன் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். அரை மணி நேரம் பிளக் இல்லாமல் பயன்படுத்திப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

மூன்றாவது, மின்கலத்தை மாற்ற முடியுமா, மாற்று மின்கலம் உள்ளூரில் கிடைக்குமா என்று கேளுங்கள். முன்பெல்லாம் கணினியைத் திருப்பி, தாழ்ப்பாளைத் தள்ளினால் மின்கலம் கையோடு வந்துவிடும். பிற்பாடு கருவிகளை மெலிதாக்குகிறோம் என்று உள்ளே வைத்து மூடிவிட்டார்கள்; சிலவற்றில் ஒட்டியே விட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டம், கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனரே எடுத்து மாற்றும்படி அமைக்க வேண்டும் என்று கூறி, 2027 பிப்ரவரி 18ஐ அதற்குரிய நாளாகக் குறித்தது. அதனால் நம் சந்தைக்கும் நன்மை வரும் என்று நம்புகிறேன்.

நான்காவது, வாங்கிய பின் பேணுங்கள். லித்தியம் மின்கலத்துக்கு வெப்பம் பெரும் பகை. பள்ளித் திடலோரம் வெயிலில் நிற்கும் காருக்குள் கணினியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போகும் ஆசிரிய நண்பர்களே, இது நமக்கும்தான்! எப்போதும் முழுமையாக மின்னேற்றியே வைத்திருப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். 80 விழுக்காட்டில் நிறுத்தும் அமைப்பு பல கணினிகளில் உண்டு. மெத்தை, தலையணை மீது வைத்து இயக்க வேண்டாம்.

கருவிகளை அன்பளிப்பாகத் தரும் சங்கங்களுக்கும் நல்லுள்ளங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இருபது கணினி வாங்கும் பணத்தில் பதினெட்டு வாங்கி, மீதியை மாற்று மின்கலங்களுக்கென ஒதுக்கி வையுங்கள். புகைப்படத்தில் இரண்டு குறைவாகத் தெரியும். மூன்றாம் ஆண்டில் பதினெட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வேகம் சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை; தொடக்கப் பள்ளிப் பிள்ளை தமிழில் ஒரு கட்டுரை தட்டச்சு செய்ய அதிவேகக் கணினி தேவைப்படாது. இரண்டு மணி நேரம் தடையின்றி உட்கார முடிவதுதான் அவர்களுக்குத் தேவை.

அந்த மாணவியின் கணினிக்கு வேறு மின்கலம் பொருத்தினோம். பாதிச் செலவை நான் ஏற்கிறேன் என்றேன், தந்தை மறுத்துவிட்டார். "நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க டீச்சர்" என்றார். அந்தச் சொல் இன்னும் எனக்குக் கனமாகவே இருக்கிறது. பாட்டியும் கதையை மறுபடி சொன்னார். பிள்ளை எழுதி வந்தாள், நன்றாகவே இருந்தது. "முதல்லே சொன்னது இன்னும் நிறைய டீச்சர். பாட்டிக்கு ரெண்டாவது தடவை சொல்லும்போது சிலது ஞாபகத்துக்கு வரலை" என்றாள்.

அந்தச் சிலவற்றைத் திரும்பப் பெற என்னால் முடியாது. அடுத்த பெற்றோர் என்னிடம் தாள் கேட்டு வரும்போது, முதல் வரியாக இதைத்தான் எழுதுவேன்: பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நீங்களும் அப்படியே எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை