வெள்ளைப்படுதலும் பாவக்கணக்கும்

தேவிபட்டினம் கடலுக்குள்ளே ஒன்பது கல் நிற்கிறது. நவபாஷாணம். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு எங்கெங்கிருந்தோ வந்து மூழ்கிப் பாவத்தைத் தொலைத்துவிட்டுப் போகிறார்கள். போகட்டும், அது அவங்க நம்பிக்கை. ஆனால் உடம்புக்கு வருகிற நோய்க்கும் பாவக்கணக்கு எழுதுகிற புத்தி இருக்கிறதே, அது நம்ம பொம்பளைங்க உயிரை வாங்குகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத்தான் சொல்கிறோம்.

இந்த நோய்க்குக் காரணம் என்று காலங்காலமாக ஒரு பட்டியல் ஒப்பிப்பார்கள். சின்ன வயசுக் கல்யாணம், நிறையப் பிரசவம், வறுமை, சுத்தமின்மை, பலரோடு உறவு. கேட்கிறவன் மனசில் யார் முகம் வரும்? அக்ரகாரத்து மாமி முகமா? உப்பளத்திலும் மிளகாய்க் காட்டிலும் கரிமூட்டத்திலும் வேகிற நம்ம அக்கா முகம்தான் வரும். 'சுத்தமில்லாதவளுக்கு வர்ற நோய்' என்பது மருத்துவமா, தீட்டா?

காரணம் ஒரு வைரஸ். எச்.பி.வி. என்று பேர். அதைக் கண்டு சொன்ன ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உடலுறவில் தொற்றுவது. ஆணும் சுமந்து வருவான். புருசனைத் தவிர யாரையும் அறியாதவளுக்கும் வரும். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வருசத்தில் தானாகப் போய்விடும். போகாமல் தங்கினால்தான் வினை. இளம்வயதிலேயே உறவு, அடுத்தடுத்த பிரசவம், புகைபிடித்தல், எச்.ஐ.வி.யால் குறைந்த எதிர்ப்புச் சக்தி எல்லாம் ஆபத்தைக் கூட்டும். உண்மைதான். ஆனால் பதினாறு வயசில் கட்டிக்கொடுத்தது அவள் எடுத்த முடிவா?

தங்கிய வைரஸ் புற்றாக மாறப் பத்து, பதினைந்து வருசம், அதற்கு மேலும் ஆகும். அத்தனை வருசம் அவகாசம் கொடுக்கிற நோயில் ஒருத்தி சாகிறாள் என்றால் அவளை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஆரம்பத்தில் அறிகுறியே இருக்காது. பிறகு இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், உறவுக்குப் பின்னால் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அடிவயிறு, இடுப்பு வலி. தூரம் நின்று வருசக்கணக்கான பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். நம்ம வீட்டில் என்ன சொல்கிறார்கள்? 'சூட்டு உடம்பு, வெந்தயத்தை ஊறவச்சுக் குடி.' நாற்றம் வந்துவிட்டால் பாயை ஓரமாகப் போட்டுவிடுகிறோம். ஊர் நம்மைத் தள்ளி வைத்தது பத்தாதா? நாமும் நம்ம பொம்பளையைத் தள்ளி வைக்கணுமா? இதையெல்லாம் பேச ஆரம்பித்தால் ஆண் தோழர்கள் டீ குடிக்க எழுந்து போய்விடுகிறார்கள்.

கண்டுபிடிக்கப் பெரிய எந்திரம் வேண்டாம். காடி மாதிரி நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிசம் பார்த்தால் சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் போதும். 2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் இதை ஆய்வாகச் செய்தார்கள். 49,311 பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். இன்னொரு 30,958 பேரை அழைக்காமல் ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2007இல் முடிவு வெளியானது. அழைக்கப்பட்ட பக்கம் சாவு 35 சதவீதம் குறைவு. அழைக்கப்படாத பக்கம் 92 பேர் இந்த நோயில் செத்திருந்தார்கள். நாட்டில் வழக்கமாகக் கிடைக்கிற கவனிப்பு அதுதானே என்று நியாயம் சொன்னார்கள். பணக்கார வீட்டுப் பொம்பளையை இப்படி ஒப்பீட்டுக்கு உட்கார வைப்பார்களா?

தேனியிலும் தஞ்சாவூரிலும் 2007இல் அரசு முன்னோடித் திட்டமாகத் தொடங்கிய சோதனை பிறகு மாநிலம் முழுக்க வந்தது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்துகொண்டதே இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, 'காலை அகட்டுடீ' என்ற அதட்டலைக் கேட்க எவள் வருவாள்? கூலி முடிந்து வருகிற நேரத்தில் சோதனை நடக்கட்டும், மரியாதையாகப் பேசுகிற பெண் ஊழியர் இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டமாகப் போய்க் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

தடுப்பூசியும் வந்துவிட்டது. நல்ல விசயம், வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் 2009இல் ஆந்திராவின் கம்மத்தில் ஆய்வுக்காகப் பழங்குடிச் சிறுமிகளுக்கு இதே ஊசியைப் போட்டபோது, பெற்றோருக்குப் பதில் விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2013இல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. நம்ம விடுதிக்கு ஊசி வரும்போது, தாய் தகப்பனிடம் விளக்கிச் சொன்னார்களா, கையெழுத்து அவங்க போட்டதுதானா என்று மாணவத் தோழர்கள் நின்று பார்க்க வேண்டும்.