தொட்டி ஜொலிச்சா தூக்கம் போச்சு!

போன வாரம் நம்ம பீச் ரோட்ல சுண்டல் கொறிச்சுக்கிட்டே என் பெஞ்ச்மேட் சொன்ன மேட்டர் இது. அவனுக்கு ஊர் மரக்காணம் பக்கம். அப்பாவுக்கு ஒரு இறால் குஞ்சு ஹேச்சரியில நைட் ட்யூட்டி. ஒரு ராத்திரி லைட்டை அணைச்சதும், குஞ்சுத் தொட்டி முழுக்க நீலப் பச்சையா மின்னுச்சாம்.

"செம சீனா இருந்திருக்குமேடா!"ன்னேன்.

"லூசு, அது சாவு மச்சி"ன்னான்.

விடியறதுக்குள்ள குஞ்சுங்க எல்லாம் தொட்டிக்கு அடியில செத்துக் கிடந்துச்சாம். அந்த மாசம் அப்பாவுக்குப் பாதி சம்பளம். இவனுக்கு செமஸ்டர் ஃபீஸ் லேட்.

வில்லன் பேரு விப்ரியோ ஹார்வியி. கடல் தண்ணியில சகஜமா இருக்கற பாக்டீரியாதான். தனியா இருந்தா பரம சாது. நம்ம கடைசி பெஞ்ச் மாதிரி, கூட்டம் சேர்ந்தாதான் வேலையைக் காட்டும்! ஒவ்வொண்ணும் ஒரு ரசாயன சிக்னலை வெளிய விடும். சிக்னல் ஒரு அளவைத் தாண்டினதும், 'ஆளு சேர்ந்தாச்சுடோய்'னு எல்லாம் ஒண்ணா ஒளி விட ஆரம்பிக்கும். தொட்டி மின்னுதுன்னா, உள்ளே ஏற்கெனவே மாநாடே கூடிடுச்சுன்னு அர்த்தம்.

"ஆன்டிபயாட்டிக் போட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். நிறைய பேர் போட்டுப் பார்த்ததுதான். செத்த இறால் குஞ்சுகளை ஆராய்ஞ்ச மங்களூர் மீன்வளக் கல்லூரியின் இந்திராணி கருணாசாகர் குழு, குளோராம்பெனிகால் உட்பட பல மருந்துக்கு அசராத விப்ரியோவைக் கண்டுபிடிச்சு 1994-லயே எழுதிட்டாங்க. மருந்துல தப்பிச்சது மட்டும் பெருகினா வேற என்ன ஆகும்? குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் எல்லாம் இன்னிக்கு இறால் வளர்ப்புல தடை. மிச்சம் மீதி தெரிஞ்சா, ஐரோப்பாவுக்குப் போன சரக்கு திரும்பி வந்துடும்.

நார்வே சால்மன் பண்ணைக்கும் இதே தலைவலி இருந்துச்சு. 1987-ல அங்கே சுமார் 50 டன் ஆன்டிபயாட்டிக் செலவாச்சு. அப்புறம் மீனுக்கு ஒவ்வொண்ணா தடுப்பூசி போட ஆரம்பிச்சாங்க. மீன் உற்பத்தி பல மடங்கு ஏறியும், மருந்து 1 டன்னுக்கும் கீழே இறங்கிடுச்சு.

அப்போ இறாலுக்கும் ஊசி போடலாமே? அங்கதான் ட்விஸ்ட். சால்மன் உடம்பு வந்த கிருமியை ஞாபகம் வெச்சுக்கும், ஆன்டிபாடி தயாரிக்கும். இறாலுக்கு ஆன்டிபாடியே கிடையாது. அதனால தொட்டியைக் கழுவிக் காயப்போடறது, கடல் தண்ணியை வடிகட்டி குளோரின் போடறது, தாய் இறாலை டெஸ்ட் பண்றது, நல்ல பாக்டீரியாவை விட்டு கெட்டதுக்கு இடம் இல்லாமப் பண்றது... இந்த போரடிக்கிற வேலைங்கதான் அதுக்கு ஊசி.

இப்ப அவங்க அப்பா தினமும் ராத்திரி ஒரு நிமிஷம் லைட்டை அணைச்சுப் பார்க்கறாராம். "இருட்டா இருந்தா நிம்மதி"ன்னான்.

சாதா சளிக்கு மெடிக்கல் ஷாப்ல தானா கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கி முழுங்கற ஹாஸ்டல் டாக்டர்களே... அந்தத் தொட்டியைக் கொஞ்சம் நெனச்சுக்கோங்க. அடுத்த வாரம் பார்ப்போமா!