மங்கலான ஒளி மெலிந்த ஒளியன்று



என்னிடம் பயிலும் மாணவர் ஒருவர், தாம் ஆசையோடு சேர்த்து வைத்திருந்த பெட்டியை அண்மையில் என் முன் திறந்து காட்டினார். பேனா வடிவில் நான்கு லேசர் விளக்குகள். சிவப்பு 650, பச்சை 532, நீலம் 450, ஊதா 405 நானோமீட்டர் என்று ஒவ்வொன்றின் அலைநீளத்தையும் அழகாக எழுதி ஒட்டியிருந்தார். 1960ஆம் ஆண்டில் தியோடர் மைமன் செயற்கை மாணிக்கத் தண்டிலிருந்து முதன்முதலாகப் பெற்ற லேசர் ஒளி, இன்று சிறுவர்தம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டதை எண்ணி வியந்தேன்.

ஊதா விளக்கைச் சுவரில் காட்டிய அவர், "இது மங்கல்தான் ஹஜ்ரத், கண்ணை ஒன்றும் செய்யாது" என்றார். என் வியப்பு அச்சமாக மாறியது.

ஒளியின் ஆற்றல் வேறு. நம் கண் உணரும் பிரகாசம் வேறு. பகலில் நம் கண் 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சையையே மிக நன்றாக உணர்கிறது. ஆகவே ஆற்றல் சமமாயினும், 532இன் பச்சை 650இன் சிவப்பைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு பிரகாசமாகத் தோன்றும். ஊதாவோ மிக மங்கலாகத் தெரியும். ஆனால் அதன் ஆற்றல் சிறிதும் குறைந்ததன்று.

பச்சையிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. இவ்வகை விளக்குகள் பலவற்றில் முதலில் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரே உண்டாகிறது. படிகங்களின் வழியே அது பச்சையாக மாறுகிறது. எஞ்சிய அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி மலிவானவற்றில் இல்லாமற் போவதுண்டு. 10 மில்லிவாட் என்று விற்கப்பட்ட ஒரு பச்சை விளக்கு, ஏறக்குறைய 20 மில்லிவாட் அகச்சிவப்பை உமிழ்ந்ததை அமெரிக்கத் தேசியத் தர அளவை நிறுவனம் 2010இல் எடுத்துரைத்தது. கூசும் ஒளி பட்டால் இமை கால் நொடியில் மூடிக்கொள்ளும். காணாத கதிருக்கு எந்த இமை மூடும்? விழித்திரைக்கு வலியும் தெரியாது. அது வெந்துபோனால் இழந்த பார்வை முழுதும் திரும்பாமலே போகலாம்.

பெற்றோர்களே! பிள்ளைகளின் ஆர்வத்தை முறித்துவிடாதீர்கள், நெறிப்படுத்துங்கள். விளையாட்டுக்கு 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்டதை வாங்கித் தராதீர்கள். ஒட்டிய சீட்டை மட்டும் நம்பியும் இராதீர்கள். எவர் முகத்திலும், கண்ணாடியிலும், வாகனத்திலும், வானூர்தியிலும் ஒளியைப் பாய்ச்சலாகாது. சாதாரணக் குளிர்கண்ணாடி காப்பாற்றாது. அந்தந்த அலைநீளத்திற்கென உள்ள பாதுகாப்புக் கண்ணாடியே வேண்டும். பார்வையில் கரும்புள்ளி தோன்றினால் உடனே கண் மருத்துவரை நாடுங்கள்.

இவற்றை எடுத்துரைத்ததும் அம்மாணவர் நான்கு விளக்குகளிலிருந்தும் மின்கலங்களைக் கழற்றி என்னிடம் தந்தார். "வீட்டில் தங்கச்சி இருக்கிறாள், ஹஜ்ரத்" என்றார். அந்த அக்கறை நம் எல்லோருடைய வீட்டிலும் இருக்கட்டும்!